எண்ணே தொகுப்பாளராக: பாயிண்ட் ஆஃப் கிரேஸ் குழுவின் ‘24’ தொகுப்பும் அமெரிக்கக் கிறித்தவ இசைத்துறையும் (1993–2003)

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்கச் சமகாலக் கிறித்தவ இசையின் மகளிர் குரலிசைக் குழுக்களுள் முதன்மையான ஒன்று பாயிண்ட் ஆஃப் கிரேஸ். வானொலித் தரவரிசையில் தொடர்ந்து முதலிடம் பெற்ற அதன் 24 பாடல்களைத் திரட்டி, 2003-இல் ‘24’ என்னும் பெயரில் இரட்டைக் குறுந்தகடு வெளியிடப்பட்டது. இத்தொகுப்பை ஒரு வரலாற்று ஆவணமாகக் கொண்டு, அதன் தெரிவு நெறி, அந்நெறியை உருவாக்கிய நிறுவனச் சூழல், அந்நெறியால் விடுபட்டவை ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. ‘24’ என்னும் எண் குழுவின் திறனை மட்டுமன்றி, அதனை முதலிடத்தில் வைத்த துறை அமைப்பையும் அளக்கிறது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: சமகாலக் கிறித்தவ இசை, வெற்றிப்பாடல் தொகுப்பு, வானொலித் தரவரிசை, வேர்ட் நிறுவனம், மகளிர் குரலிசை.

முன்னுரை

தொகை நூல்களை ஆராய்வோர் பாடல்களை மட்டும் பார்ப்பதில்லை. தொகுத்தோர் யார், தொகுப்பித்தோர் யார், எவ்வளவுகோல் கொண்டு தொகுத்தனர் எனவும் வினவுவர். குறுந்தொகைக்கு நான்கு முதல் எட்டு அடி, நற்றிணைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு அடி எனப் புறத்தே நிற்கும் அளவொன்று பாடல்களின் இடத்தைத் தீர்மானித்ததைத் தமிழ் ஆய்வுலகம் நன்கறியும். இசைத்துறையின் வெற்றிப்பாடல் தொகுப்புகள் இவ்வினாக்களுக்கு உட்படுத்தப்படுவது அரிது. ஏற்கெனவே விற்றதை மீண்டும் விற்கும் வணிக உத்தி என்று அவை ஒதுக்கப்படுகின்றன. தனி இசைத்தட்டு ஒரு காலத்தின் படைப்பு. தொகுப்போ ஒரு காலத்தைப் பற்றிய தீர்ப்பு. அத்தீர்ப்பை வழங்கியவர் யார் என்பதே இங்கு எழும் வினா.

இவ்வினாவிற்கு ‘24’ ஏற்ற சான்றாகும். கலைஞரின் விருப்பமோ திறனாய்வாளரின் மதிப்பீடோ அதன் தெரிவு நெறியன்று. ஓர் எண்ணே அதன் நெறி. அவ்வெண்ணே அதன் பெயராகவும் அமைந்தது.

குழுவின் தோற்றம்

ஆர்கன்சா மாநிலத்தின் ஆர்க்கடெல்ஃபியாவில் உள்ள வாஷிட்டா பாப்டிஸ்ட் பல்கலைக்கழகத்தில் 1991-இல் இக்குழு தோன்றியது. டெனிஸ் ஜோன்ஸ், டெரி ஜோன்ஸ், ஹெதர் பெய்ன் ஆகிய மூவரும் ஓக்லஹோமாவின் நார்மன் நகரில் ஒன்றாக வளர்ந்தவர்கள். ஷெல்லி பிரீன் பல்கலைக்கழகத்தில் அவர்களோடு இணைந்தார். தொடக்கத்தில் சங்கீதம் 107-இன் தொடரொன்றைத் தழுவி ‘சே சோ’ எனப் பெயரிட்டுக்கொண்ட இக்குழு பின்னர் இன்றைய பெயரை ஏற்றது. வேர்ட் நிறுவனத்தின்வழி 1993-இல் முதல் இசைத்தட்டு வெளிவந்தது; 1994-இல் கிறித்தவ இசைக்கான டவ் விருதுகளில் புதுமுகக் கலைஞர் விருது கிடைத்தது. ‘தி ஹோல் ட்ரூத்’ (1995), ‘லைஃப், லவ் அண்ட் அதர் மிஸ்ட்ரீஸ்’ (1996), ‘ஸ்டெடி ஆன்’ (1998), ‘ஃப்ரீ டு ஃப்ளை’ (2001) ஆகியவை தொடர்ந்து வந்த முதன்மையான இசைத்தட்டுகள். ‘24’ திரட்டித் தருவது இப்பத்தாண்டுக் காலத்தையே.

தனித்த ஒரு பாடகியை முன்னிறுத்தாமல், நான்கு குரல்களும் மாறிமாறி முன்வந்து பல்லவியில் ஒத்திசையாக இணைவது இக்குழுவின் முறை. தேவாலயப் பாடகர் குழுவின் பழக்கமும் வணிக வானொலியின் மென்னிசை ஒலியும் இதில் ஒன்றுகலந்தன.

தொகுப்பித்தோர்: கைமாறிய ஒரு நிறுவனம்

1960-களின் இறுதியில் கலிபோர்னியாவில் எழுந்த இயேசு இயக்கத்திலிருந்து சமகாலக் கிறித்தவ இசையின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். லாரி நார்மனின் ‘அப்பான் திஸ் ராக்’ (1969) அதன் தொடக்கக் குறியாகக் கருதப்படுகிறது. ஆயினும் இக்குழுவின் வேர் அவ்வெதிர்ப்புப் பண்பாட்டில் இல்லை. தென்மாநிலங்களின் பாப்டிஸ்ட் சபைகளிலும் அவற்றுக்காக இயங்கிய பதிப்பு வணிகத்திலும் உள்ளது.

வேர்ட் நிறுவனம் 1951-இல் டெக்சாஸின் வேக்கோ நகரில் ஜாரெல் மெக்ராக்கனால் தொடங்கப்பட்டது. அது 1974-இல் ஏபிசி ஒலிபரப்பு நிறுவனத்திடமும், 1992-இல் விவிலியப் பதிப்பாளரான தாமஸ் நெல்சனிடமும், 1997-இல் கேலார்டு நிறுவனத்திடமும், 2002-இல் வார்னர் குழுமத்திடமும் சென்றது. அதாவது முதல் இசைத்தட்டுக்கும் ‘24’ தொகுப்புக்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளில் இக்குழுவின் பதிவுகள் மூன்று உரிமையாளர்களைக் கண்டன. ஸ்பாரோ நிறுவனமும் 1992-இல் இஎம்ஐ வசம் சேர்ந்திருந்தது. 1995-இல் கிறித்தவப் புத்தகக் கடைகளின் விற்பனையும் சவுண்ட்ஸ்கேன் கணக்கில் சேர்க்கப்பட்டபோது, இவ்விசையின் சந்தை அளவு பொதுத்துறை நிறுவனங்களுக்கு வெளிப்படையாகத் தெரிந்தது.

நிறுவனம் கைமாறும்போது உடன் கைமாறும் சொத்துகளுள் பெரியது பழைய ஒலிப்பதிவுகளின் உரிமை. புதிய உரிமையாளருக்கு வெற்றிப்பாடல் தொகுப்பு குறைந்த செலவில் அச்சொத்தைப் பயன்படுத்தும் வழியாகும். பத்தாண்டு ஊழியத்தின் நன்றியறிதலாகக் கேட்போர் ஏற்ற தொகுப்பு, நிறுவனக் கணக்கில் சொத்து மீள்பயன்பாடாகவும் இருந்தது. இவ்விரண்டும் ஒருங்கே உண்மை.

தொகுத்தோர்: தரவரிசைப் பட்டியல்

தொடர்ந்து 24 முறை முதலிடம் என்பது பொது வெகுசன இசையில் ஒரு கலைஞருக்குக் கிட்டாத தொடர்ச்சி. இங்கு அது நிகழ்ந்ததை விளங்கிக்கொள்ளத் தரவரிசையின் இயக்கத்தை நோக்க வேண்டும். அக்காலக் கிறித்தவ வானொலித் தரவரிசைகள், குறிப்பிட்ட நிலையங்கள் தாமே அளித்த ஒலிபரப்பு அறிக்கைகளைக் கொண்டு துறையிதழ்களால் தொகுக்கப்பட்டன. கேட்போரின் வயதும் சுவையும் கருதி நிலையங்கள் வகைபிரிக்கப்பட்டிருந்தன. வகைக்கொரு பட்டியல் இருந்தது. பாடல்களை அனுப்பிய பெரிய நிறுவனங்களோ மிகச் சில. ஒரு பாடல் முதலிடம் பெற்றது என்றால், தன் வகைக்குரிய நிலையங்களின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்கள் அதனை அவ்வாரம் மிகுதியாக ஒலிபரப்பினர் என்பதே பொருள்.

அப்பொறுப்பாளர்கள் யாரை மனத்தில் கொண்டு தெரிவு செய்தனர் என்பதும் அறியத்தக்கது. கிறித்தவ வானொலித் துறையினர் தம் முதன்மை நேயரை ‘பெக்கி’ என்னும் கற்பனைப் பெண்ணாக உருவகித்தனர். குழந்தைகளைக் காரில் பள்ளிக்கு அழைத்துச் செல்லும், நடுவயதை நெருங்கும் தாய் அவர். அவருக்கு மனக்கலக்கம் தரும் பாடல் தவிர்க்கப்பட்டது, நம்பிக்கையூட்டுவது விரும்பப்பட்டது. தெளிவான ஒத்திசை, உயர்ந்து செல்லும் பல்லவி, ஐயத்தில் தொடங்கி உறுதியில் முடியும் பாடற்பொருள் ஆகியவற்றைக் கொண்ட இக்குழுவின் பாடல்கள் அவ்வெதிர்பார்ப்போடு இயல்பாகப் பொருந்தின.

‘தி கிரேட் டிவைட்’ இதற்கு எடுத்துக்காட்டு. கடவுளுக்கும் மனிதருக்கும் இடைப்பட்ட பிளவின்மேல் சிலுவையே பாலமாகிறது என்னும் அதன் மையப் படிமம், நற்செய்தித் துண்டறிக்கைகளில் நெடுங்காலம் வரைபடமாக வழங்கிவந்தது. கேட்போர் முன்பே கண்ணால் அறிந்ததை இப்பாடல் செவிக்குத் தந்தது. அதன் வெற்றியில் குரல்திறனுக்குள்ள பங்கு மறுக்கத்தக்கதன்று. ஆனால் குரல்திறன் மட்டுமே காரணமுமன்று.

எனவே, தொகுப்பித்தது நிறுவனமாயினும் தொகுத்தது தரவரிசையே. பாடல் தேர்வில் கலைஞருக்கோ பதிப்பாளருக்கோ ஏறத்தாழ வேலையே இருக்கவில்லை. முதலிடம் பெற்றது உள்ளே வந்தது. வானொலிக்கு அனுப்பப்படாத பாடல் எத்துணைச் சிறந்ததாயினும் வெளியே நின்றது.

தொகுப்பு சொல்லாதவை

முதலாவதாக, பாடலாசிரியர்கள். இப்பாடல்களுள் பெரும்பாலானவை குழுவினர் எழுதியவை அல்ல. நாஷ்வில் நகரின் தொழில்முறை எழுத்தாளர்கள் எழுதியவை. ‘தி கிரேட் டிவைட்’ கிராண்ட் கன்னிங்ஹாம், மாட் ஹ்யூஸ்மன் ஆகியோரின் படைப்பு. கன்னிங்ஹாம் ஸ்பாரோ நிறுவனத்தில் கலைஞர் தெரிவுப் பொறுப்பில் பணியாற்றியவர். அவலான் குழுவின் உருவாக்கத்திலும் பங்குகொண்டவர். போட்டி நிறுவனத்தைச் சார்ந்தவரே இக்குழுவின் புகழ்பெற்ற பாடலை எழுதினார் என்பது அத்துறையின் வட்டம் எவ்வளவு சிறியது என்பதைக் காட்டுகிறது. அவர் 2002-இல், தொகுப்பு வெளிவருவதற்கு முன்பே, காலமானார்.

இரண்டாவதாக, பாடல்களின் சபை வாழ்வு. இத்துறையில் வெற்றிப்பாடல்கள் குரல் நீக்கிய பின்னணி இசை ஒலிநாடாக்களாகவும் புத்தகக் கடைகளில் விற்கப்பட்டன. இசைக்கலைஞர்களை அமர்த்த வசதியற்ற சிறு சபையிலும், ஞாயிறு ஆராதனையின் சிறப்புப் பாடலை ஒரு பெண் அந்நாடாவின் துணையோடு பாட முடிந்தது. திருமணத்திலும் அடக்க ஆராதனையிலும் அவ்வாறே பாடப்பட்டது. வானொலி ஒலிபரப்பு எண்ணிக்கையில் பதிவாகியது. சபையில் ஒலித்த அந்தக் குரல் எந்தப் பட்டியலிலும் பதிவாகவில்லை. ஆயினும் ஒரு பாடல் ஒரு குடும்பத்தின் நினைவில் நிலைபெற்றது பெரிதும் இவ்வழியிலேயே.

மூன்றாவதாக, பெண்களின் பொதுக்குரல். மனைவி கணவனின் தலைமைக்கு அமைதலை வலியுறுத்தும் பிரிவைத் தெற்கு பாப்டிஸ்ட் மாநாடு 1998-இல் தன் விசுவாச அறிக்கையில் சேர்த்தது. 2000-இல் திருத்திய அறிக்கை போதகர் பணியை ஆண்களுக்கு மட்டுமே உரியதாக்கியது. இக்குழு உச்சத்தில் இருந்த ஆண்டுகள் இவையே. பெண் பிரசங்கிக்க இயலாத மேடையிலும் பெண் பாட இயன்றது. பாடல்களுக்கிடையே தன் அனுபவத்தைச் சாட்சியாகக் கூறவும் இயன்றது. 2002-இல் வெளிவந்த ‘கேர்ள்ஸ் ஆஃப் கிரேஸ்’ நூலும் அதே பெயரில் நடந்த இளம்பெண்களுக்கான மாநாடுகளும் இக்குழுவினரைப் பாடகியர் நிலையிலிருந்து போதிப்போர் நிலைக்கு நகர்த்தின. இவை அம்மரபின் எல்லையை வெளிப்படையாக எதிர்க்கவில்லை. அதன் உள்ளே இருந்த இடத்தை விரிவாக்கின. பாடலை மட்டும் தாங்கிய குறுந்தகட்டில், பாடல்களுக்கிடையே பேசப்பட்ட அச்சொற்களுக்கு இடமில்லை.

2003: ஒரு முறைமையின் இறுதி

தொகுப்பு வெளிவந்த காலமும் பொருள் பொதிந்தது. மூன்றாம் நாள் எனப் பொருள்படும் பெயருடைய தேர்ட் டே குழுவின் ‘ஆஃபரிங்ஸ்’ (2000), மைக்கேல் டபிள்யூ. ஸ்மித்தின் ‘வொர்ஷிப்’ (2001) ஆகியவற்றின் வெற்றியால், சந்தை ஆராதனைப் பாடல்களை நோக்கித் திரும்பியிருந்தது. சிறப்புப் பாடலைச் சபை அமர்ந்து கேட்கும். ஆராதனைப் பாடலைச் சபையே எழுந்து நின்று பாடும். பயிற்சி பெற்ற நான்கு குரல்களின் நுட்பமான ஒத்திசைக்கு இரண்டாம் முறையில் முன்னிருந்த தேவை இல்லை.

அளவுகோலும் அதே ஆண்டில் மாறியது. பில்போர்டு இதழ் 2003 ஜூனில், மின்னணுக் கண்காணிப்பின் அடிப்படையிலான கிறித்தவ வானொலித் தரவரிசையைத் தொடங்கியது. நிலையம் தன் ஒலிபரப்பைத் தானே அறிவிக்கும் பழைய முறை தன் முதன்மையை இழக்கலாயிற்று. குழுவுக்குள்ளும் மாற்றம் நேர்ந்தது: டெரி ஜோன்ஸ் விலக, லீ கேப்பிலினோ இணைந்தார். ஆகவே ‘24’, ஒரே நால்வரின் குரல்கள் ஒரே அளவுமுறையின்கீழ் பெற்ற வெற்றிகளின் நிறைவுக் கணக்காக அமைந்தது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. வெற்றிப்பாடல் தொகுப்பு, சிறந்த பாடல்களின் திரட்டு என்பதைவிட ஓர் அளவுமுறையின் ஆவணம் என்பது முதலாவது. முறிவின்றித் தொடர்ந்த முதலிடம் கலைத்திறனோடு, சில நிறுவனங்களும் வகைபிரிக்கப்பட்ட வானொலியும் முன்முடிவு செய்யப்பட்ட நேயர் உருவகமும் இணைந்து இயங்கியதன் விளைவு என்பது இரண்டாவது. எழுதியோர், சபையில் பாடியோர், மேடையில் பேசிய பெண்கள் ஆகியோரின் பங்கு எண்ணாக மாறாததால் தொகுப்பிலும் இடம்பெறவில்லை என்பது மூன்றாவது.

இதனால் ‘24’ மதிப்பிழப்பதில்லை. தன் அளவுகோலை அட்டையிலேயே அறிவித்த நேர்மை அதற்கு உண்டு. தொகுப்பை மட்டும் நம்பி ஓர் இசைமரபின் வரலாற்றை எழுதுவோர், முதலிடம் பெற்றதையே முதன்மையானதாகக் கொள்ள நேரும். தொகுப்பின் அருகில் சபையின் ஞாயிறு நிகழ்ச்சி நிரலையும், புத்தகக் கடையின் ஒலிநாடாப் பட்டியலையும், மாநாட்டு மேடையின் உரையையும் வைத்துப் படிக்கும்போதே அப்பாடல்கள் யாருக்காக, யாரால், எங்கே வாழ்ந்தன என்பது புலப்படும்.