ஒரு ஊர்ப்பேருக்காக நடந்த சண்டை

ஆபீஸ் வேலையா பாரிஸ் போயிருந்தப்போ, ஒரு ராத்திரி சாப்பிடப் போன இடத்துல வைன் லிஸ்ட்டை என் கையில கொடுத்துட்டாங்க. பக்கம் பக்கமா இருந்தது. ஆனா திராட்சை வகையோட பேர் கிட்டத்தட்ட எங்கயுமே இல்ல, எல்லாம் ஊர்ப்பேர். அரிசி மூட்டையில பொன்னியா, சீரகச் சம்பாவான்னு போடாம 'தஞ்சாவூர்'னு மட்டும் போட்டு வித்தா எப்படி இருக்கும்? நான் குத்துமதிப்பா ஷாட்டோநஃப்-டு-பாப்னு ஒண்ணைக் காட்டினேன். சாப்பிட்டது மீன். அது எவ்வளவு தப்புன்னு அப்புறம் சொல்றேன்.

கதை ஒரு பூச்சியில ஆரம்பிக்குது. 1860கள்ல அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்ஸெரா, பிரான்ஸ் திராட்சைக் கொடிகளோட வேரையே தின்னு அழிச்சது. கடைசியில அமெரிக்கக் கொடியோட வேர்ல பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் தப்பிச்சாங்க. ஆனா அந்தப் பஞ்ச காலத்துல கலப்படம் ஒரு தொழிலாவே வளர்ந்திருந்தது. சர்க்கரைத் தண்ணியில வைன், உலர்திராட்சையை ஊறவெச்சு வைன், எங்கிருந்தோ வந்த சரக்குக்கு நல்ல ஊர்ப்பேர்.

ஷாம்பெய்ன் பகுதியில இது கலவரமாவே வெடிச்சது. 1910ல விளைச்சல் படுமோசம். உள்ளூர் விவசாயி கடன்ல கிடக்கும்போது, சில வியாபாரிகள் வெளியூர்த் திராட்சையை ரயில்ல இறக்கி 'ஷாம்பெய்ன்'னு வித்தாங்க. 1911ல ஜனங்க கிடங்குகளை உடைச்சு வைனைக் கொட்டினாங்க. ஏப்ரல்ல ஐ என்கிற ஊர்ல கட்டடங்கள் எரிஞ்சுது. ராணுவம் வந்தது.

ஷாட்டோநஃப்-டு-பாப்காரங்க வேற வழியில போனாங்க. ரோன் ஆத்துப் பக்கம், 14-ஆம் நூற்றாண்டுல போப்புகள் அவிஞ்ஞோன்ல இருந்தப்போ கோட்டை கட்டின ஊர் இது. பேருக்கு அர்த்தமே 'போப்பின் புதுக்கோட்டை'. அப்படிப்பட்ட ஊரோட வைனையே, பர்கண்டி வைனுக்குத் தெம்பு ஏத்தறதுக்காக மொத்தமா வாங்கிட்டுப் போவாங்க. 1923ல விவசாயிகள் பியேர் ல ருவா என்பவர்கிட்ட வந்தாங்க. சட்டம் படிச்சவர், முதல் உலகப் போர்ல போர் விமானி, அந்த ஊர்த் தோட்டக்கார வீட்டு மாப்பிள்ளை.

அவர் போட்ட விதிகள்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது எல்லை வரைஞ்ச விதம். லாவெண்டரும் தைமும் சேர்ந்து வளர்ற வறண்ட மண்தான் இந்தப் பேருக்குத் தகுதியான நிலம். செடியையே சாட்சியாக்கிட்டாரு! கூடவே எந்தத் திராட்சை வகைகள், எப்படிக் கவாத்து பண்ணணும், ஆல்கஹால் குறைஞ்சது 12.5 சதவீதம், அறுவடையில சுமாரான பழத்தைக் கழிச்சே ஆகணும். இந்த விதிகள் எல்லாமே முதல்ல அவங்களையேதான் கட்டிப்போடுது, அதைக் கவனிங்க. கேஸ் பத்து வருஷம் இழுத்து 1933லதான் முடிஞ்சது. 1935ல ஏ.ஓ.சி. சட்டம் வந்தப்போ இந்த மாதிரி விதிகள்தான் அதுக்கு அச்சு. 2019ல பழனி பஞ்சாமிர்தத்துக்குக் கிடைச்ச புவிசார் குறியீடுகூட இதுக்குத் தூரத்துச் சொந்தம்தான்.

(சும்மா ஒரு தகவல்: 1954ல இந்த ஊர் மேயர், பறக்கும் தட்டுகள் திராட்சைத் தோட்டத்துல இறங்கக் கூடாதுன்னு உத்தரவே போட்டார்.)

1936 மே மாசம் ஏ.ஓ.சி. வாங்கின முதல் பட்டியல்ல அஞ்சு வைன். அதை மெனு கார்டு மாதிரியே படிக்கலாம். ஆர்புவா, ஜூரா மலைப் பக்கம். அங்க மாட்டுப்பால்ல செய்யற கோம்தே சீஸ், அதோட அந்த ஊர் மஞ்சள் வைன். கஸ்ஸி, மார்சேய் பக்கத்துக் கடற்கரை. பெரும்பாலும் வெள்ளை வைன், மீன் குழம்பு மாதிரியான புயாபேஸுக்கு அளவெடுத்து தெச்சது. ஷாட்டோநஃப் பகல்ல சூடேறுற உருண்டைக் கூழாங்கல் நிலத்துல விளையுது, நல்ல கனமான சிவப்பு. அதே தைம் தடவிச் சுட்ட ஆட்டுக்கறிதான் அதுக்கு ஜோடி. லிஸ்ட்ல ஊர்ப்பேரைப் பாத்ததும், அந்த ஊர்ல என்ன சாப்பிடுவாங்கன்னு யோசிச்சாலே பாதி வேலை முடிஞ்சது.

அன்னிக்கு என் தட்டுல இருந்தது மெல்லிசான வெள்ளை மீன். ரெண்டு வாய்க்கு அப்புறம் மீனோட ருசியே தெரியல. கஸ்ஸி கேட்டிருக்கணும். அது லிஸ்ட்ல ரெண்டு பக்கம் தள்ளி இருந்தது, விலையும் கம்மி.