ஓவியங்கள் பார்சிலோனாவில்.. கோபுரங்கள் மலையில்: ஸ்பெயினின் போயி பள்ளத்தாக்கில் நடந்து பார்க்க என்ன இருக்கு?

ஸ்பெயின் என்றதும் நம்மில் பலருக்கு சட்டென்று நினைவுக்கு வருவது கால்பந்து, காளைச் சண்டை, தெருவில் தக்காளி வீசி விளையாடும் திருவிழா. சுற்றுலா போகிறவர்களும் பார்சிலோனா, மாட்ரிட், கடற்கரை என்று முடித்துக்கொண்டு திரும்பி விடுகிறார்கள். அதே பார்சிலோனாவில் இருந்து காரில் ஏறி வடமேற்கே நான்கு மணி நேரம் அளவுக்குப் போனால், 900 ஆண்டுகள் பழமையான கல் கோபுரங்கள் ஊருக்கு ஊர் நிற்கும் ஒரு மலைப் பள்ளத்தாக்கு வரும். பெயர் போயி பள்ளத்தாக்கு. கட்டலான் மொழியில் 'வால் தே போயி'.

இங்குள்ள 9 தேவாலயங்களை 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. காரிலேயே ஒவ்வொரு ஊராகப் போய், போட்டோ எடுத்துவிட்டு, ஒரே நாளில் முடித்துவிடலாம்தான். ஆனால் இந்தப் பள்ளத்தாக்கைப் புரிந்துகொள்ள நடக்க வேண்டும். காரணம், ஊர்களை இணைக்கும் ஒற்றையடிப் பாதைகள் தார் ரோட்டுக்குப் பல நூற்றாண்டுகள் மூத்தவை. தேவாலயங்கள் கட்டப்பட்டதே அந்தப் பாதைகளில் நடந்து வருகிறவர்களுக்காகத்தான்.

எங்கே இருக்கு இந்தப் பள்ளத்தாக்கு?

ஸ்பெயினுக்கும் பிரான்ஸுக்கும் நடுவே சுவர் போல நிற்கும் பிரனீஸ் மலைத்தொடரில், கட்டலோனியா மாகாணத்தின் லெய்டா பகுதியில் இருக்கிறது. நொகேரா தெ தோர் என்ற ஆறு வடக்கே உள்ள உயரமான சிகரங்களில் இருந்து இறங்கி, தெற்கு நோக்கி ஓடுகிறது. அந்த ஆறு குடைந்து உருவாக்கியதுதான் இந்தப் பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்கின் தலைமாட்டில் 3,000 மீட்டரைத் தாண்டும் சிகரங்களும் உண்டு.

ஆற்றை ஒட்டியும் சரிவுகளிலும் சின்னச் சின்ன ஊர்கள். பாருவேரா, துர்ரோ, போயி, தாவுல், எரில் லா வால், கார்தெட், கோல். எல்லா ஊர்களையும் சேர்த்தால்கூட மக்கள்தொகை சுமார் ஆயிரம்தான். நம்ம ஊர் கணக்கில் ஒரு பெரிய தெரு!

இவ்வளவு சின்ன ஊர்களுக்கு இவ்வளவு உயரமான கோபுரங்கள் எதற்கு?

இங்கே வருகிற யாருக்கும் முதலில் தோன்றும் கேள்வி இதுதான். பதில் பள்ளத்தாக்குக்கு வெளியே இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பகுதி எரில் என்ற பிரபுக் குடும்பத்தின் கையில் இருந்தது. அப்போது ஸ்பெயினின் பெரும்பகுதி முஸ்லிம் மன்னர்களின் ஆட்சியில் இருந்தது. அவர்களுக்கு எதிராக அரகோன் மன்னர் முதலாம் அல்ஃபோன்சோ நடத்திய படையெடுப்புகளில் எரில் பிரபுக்களும் சேர்ந்துகொண்டார்கள். 1118இல் சரகோசா நகரம் வீழ்ந்தது. போரில் கிடைத்த செல்வம் மலைக்கு வந்தது, தேவாலயங்களாக மாறியது என்பதுதான் வரலாற்று ஆய்வாளர்கள் பொதுவாகச் சொல்லும் விளக்கம்.

தேதிகளைப் பார்த்தால் அந்த வேகம் புரியும். தாவுல் ஊரில் இரண்டு தேவாலயங்கள். ஒன்று சான் கிளிமென்ட், 1123 டிசம்பர் 10ஆம் தேதி அர்ப்பணிக்கப்பட்டது. இன்னொன்று சாண்டா மரியா, அடுத்த நாளே, டிசம்பர் 11. ஒரே ஆயர், ரோடா ஊரைச் சேர்ந்த ரமோன், பனிக்காலத்தில் மலையேறி வந்து இரண்டையும் முடித்துக்கொடுத்தார். முதல் நாள் விழாவைப் பற்றிய குறிப்பு தேவாலயத்தின் தூணிலேயே எழுதப்பட்டிருந்தது. தேதி இவ்வளவு துல்லியமாகத் தெரிவது அதனால்தான்.

கட்டடக் கலை வடக்கு இத்தாலியின் லொம்பார்டி பகுதியில் இருந்து வந்தது. சின்னச் சின்னதாகச் செதுக்கிய கற்கள், சுவரில் வரிசையாகப் பொய் வளைவுகள், ஒல்லியாக நிமிர்ந்து நிற்கும் சதுரக் கோபுரம். சான் கிளிமென்ட் கோபுரம் 6 அடுக்கு. எதிர்க்கரையில் உள்ள எரில் லா வால் ஊரின் சாண்டா எவுலாலியா கோபுரமும் 6 அடுக்கு. கோபுரம் மணியடிக்க மட்டும் அல்ல. கண்காணிக்கவும், ஒரு ஊரில் இருந்து இன்னொரு ஊருக்குச் செய்தி சொல்லவும் பயன்பட்டது. பாதையில் நடக்கும்போது ஒரு கோபுரம் பார்வையில் இருந்து மறைந்து அடுத்தது தெரிய ஆரம்பிப்பதைக் கவனித்தால் இது தானாகவே விளங்கும்.

சரி, இதெல்லாம் எப்படி இடிபடாமல் தப்பியது? ஐரோப்பாவின் வசதியான ஊர்களில் பழைய தேவாலயங்களை இடித்துவிட்டு, அந்தந்தக் காலத்து ஃபேஷனில் பெரிதாகக் கட்டிக்கொண்டார்கள். இங்கே 12ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு அந்த அளவுக்குக் காசு வரவில்லை. ஆடு மாடு மேய்த்து, கொஞ்சம் விவசாயம் பார்த்துப் பிழைத்த ஊர்கள். புதிதாகக் கட்ட வசதியில்லாததே பழையதைக் காப்பாற்றியது.

ஓவியங்கள் எங்கே போச்சு?

இந்தப் பள்ளத்தாக்கின் கதையில் மனதை உறுத்துகிற பகுதி இது. சான் கிளிமென்ட் தேவாலயத்தின் வளைந்த பின்சுவரில், நீலப் பின்னணியில் கையில் புத்தகத்தோடு அமர்ந்திருக்கும் இயேசுவின் ஓவியம் இருந்தது. வரைந்தவர் பெயர் தெரியாது, 'தாவுல் மாஸ்டர்' என்று மட்டும் சொல்கிறார்கள். பல நூற்றாண்டுகள் அதன் பெரும்பகுதி பிற்காலத்து பலிபீடப் பலகைக்குப் பின்னால் மறைந்தே கிடந்தது. 1907இல் கட்டலான் ஆய்வு நிறுவனம் அனுப்பிய குழு ஒன்று மலையேறி வந்து இந்தத் தேவாலயங்களை ஆவணப்படுத்தியது. வெளி உலகுக்கு விஷயம் தெரிந்தது.

விஷயம் தெரிந்ததும் வியாபாரிகளும் வந்தார்கள். 1919இல் கட்டலோனியாவின் இன்னொரு மலை ஊரான மூரில், தேவாலய ஓவியங்களைப் பழம்பொருள் வியாபாரிகள் விலை பேசி வாங்கினார்கள். சுவரில் இருந்து பெயர்த்து எடுக்கப்பட்ட அவை கடைசியில் போய்ச் சேர்ந்தது அமெரிக்காவின் போஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில். இன்றும் அங்கேதான் இருக்கின்றன.

பார்சிலோனாவின் அருங்காட்சியகக் குழு பதறிப்போனது. மிச்சம் இருப்பதை நாமே வாங்கி, நாமே எடுத்துவிடுவோம் என்று முடிவெடுத்தது. 1919 முதல் 1923 வரை இந்த வேலை நடந்தது. செய்தவர்கள் இத்தாலிய நிபுணர்கள். முறை என்ன தெரியுமா? ஓவியத்தின் மேல் பசையும் துணியும் ஒட்டி, காயவிட்டு, உரித்தால் வண்ணப் படலம் துணியோடு வந்துவிடும். பிறகு அதைச் சுருட்டி எடுத்துப்போய் வேறு தளத்தில் ஒட்டுவார்கள். அப்படித்தான் தாவுல் ஊரின் இயேசு மலையிறங்கி பார்சிலோனா போனார். இன்று மோஞ்சுவிக் குன்றின் மேல் உள்ள கட்டலோனியா தேசிய கலை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

காப்பாற்றினார்களா, பறித்துக்கொண்டார்களா? இரண்டுக்கும் வாதம் இருக்கிறது. எடுக்காமல் விட்டிருந்தால் கடல் தாண்டிப் போயிருக்கும் என்பது உண்மை. ஊர்ச் சுவர் வெறுமையாகிப்போனதும் உண்மை. எரில் லா வால் ஊரின் மரச் சிற்பத் தொகுப்புக்கு இன்னும் மோசமான நிலை. சிலுவையில் இருந்து இயேசுவை இறக்கும் காட்சி, மொத்தம் 7 உருவங்கள். இப்போது 5 விக் நகர அருங்காட்சியகத்தில், 2 பார்சிலோனாவில். ஊரில் இருப்பது நகல்.

தாவுலில் 2013 முதல் ஒரு மாற்று ஏற்பாடு. முன்பு சுவரில் இருந்த நகல் ஓவியத்தை எடுத்துவிட்டு, ஒளிக்காட்சி மூலம் அசல் ஓவியத்தைச் சுவரில் விழச் செய்கிறார்கள். கோடு கோடாக, நிறம் நிறமாக அந்த ஓவியம் சுவரில் உயிர் பெறும். காட்சி முடிந்ததும் வெறும் சுவர், அங்கங்கே தப்பிப் பிழைத்த அசல் துணுக்குகள். அந்த வெறும் சுவரையும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். முடிந்தால் முதலில் பார்சிலோனா அருங்காட்சியகம், அடுத்து பள்ளத்தாக்கு என்ற வரிசையில் போவது நல்லது.

எந்தப் பாதையில் நடக்கலாம்?

முதல் முறை வருகிறவர்களுக்கு போயி ஊர்தான் வசதியான தொடக்கம். இங்கிருந்து ஆற்றைக் கடந்து எரில் லா வால் போகும் பழைய பாதை ரொம்பச் சின்னது, குழந்தைகளோடுகூட நடக்கலாம். இரண்டு ஊர்களும் எதிரெதிரே ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன.

போயியில் இருந்து தாவுலுக்கு ஏறும் பாதை கொஞ்சம் மூச்சு வாங்க வைக்கும். ஏறக்குறைய 200 மீட்டர் உயரம் ஏற வேண்டும். கார் ரோடு வளைந்து வளைந்து போகும், பழைய பாதையோ நேராக ஏறும். மேலே போனதும் ஊரின் விளிம்பில் சான் கிளிமென்ட், இன்னும் உள்ளே வீடுகளுக்கு நடுவே சாண்டா மரியா. எல்லோரும் முதலாவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். இரண்டாவதையும் விட்டுவிடாதீர்கள், அதன் கோபுரம் லேசாகச் சாய்ந்திருப்பதே ஒரு அழகு.

ஆனால் ஒரே ஒரு பாதைக்குத்தான் நேரம் இருக்கு என்றால், என் ஓட்டு துர்ரோவுக்கு. ஆற்றங்கரையில் உள்ள பாருவேராவில் சான் ஃபெலியூ தேவாலயத்தைப் பார்த்துவிட்டு, சரிவில் ஏறத் தொடங்கினால் கிட்டத்தட்ட 300 மீட்டர் ஏற்றத்தில் துர்ரோ வரும். கற்பலகைக் கூரை வேய்ந்த வீடுகள், ஊருக்கு மீறிய பெரிய தேவாலயம், கூட்டம் இல்லாத தெருக்கள். அங்கேயே நிற்காமல் இன்னும் மேலே நடந்தால் 1,500 மீட்டர் உயரத்தில் சான் கிர்க் என்ற சின்ன ஆலயம் தனியாக நிற்கும். 9 பாரம்பரியச் சின்னங்களில் இதுவும் ஒன்று. பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில் விரியும் இடம் இது. திரும்பும்போது வந்த வழியே வராமல், துர்ரோவில் இருந்து மலைச்சரிவு வழியாகவே போயிக்குப் போகும் பழைய பாதையையும் பிடிக்கலாம்.

கோடைக்காலத்தில் இந்த மலைகளில் தீப்பந்தத் திருவிழா நடக்கும். கட்டலான் பெயர் 'ஃபாயெஸ்'. இருட்டியதும் மலைமேல் மரக்கட்டைப் பந்தங்களைக் கொளுத்தி, தோளில் சுமந்து, வரிசையாக ஊருக்கு இறங்குவார்கள். கீழிருந்து பார்ப்பவர்களுக்கு மலையில் ஒரு நெருப்புக் கோடு நெளிந்து இறங்குவது போலத் தெரியும். பள்ளத்தாக்கில் முதலில் கொண்டாடும் ஊர் துர்ரோ, ஜூன் மாதத்தில். பிறகு ஒவ்வொரு ஊராக ஜூலை வரை தொடரும். 2015இல் இதையும் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது, அண்டோரா, பிரான்ஸ் ஊர்களின் விழாக்களோடு சேர்த்து. பந்தம் இறங்குவதும் நாம் பகலில் நடந்த அதே மாதிரியான பாதைகளில்தான்.

வளைந்து ஓடும் தண்ணீர்

பள்ளத்தாக்கின் ஒரு கிளை, 1955இல் உருவான ஐகுவெஸ்டோர்டெஸ் தேசியப் பூங்காவுக்குள் போகிறது. கட்டலோனியாவின் ஒரே தேசியப் பூங்கா இது. பெயருக்கு அர்த்தமே 'வளைந்து நெளியும் தண்ணீர்'. 200க்கும் மேற்பட்ட ஏரிகள் இந்தப் பூங்காவிலும் அதைச் சுற்றியும் உள்ளன.

சொந்தக் காரை உள்ளே கொண்டுபோக முடியாது. மொலினா பார்க்கிங்கில் நிறுத்திவிட்டு 'நீர்நாய்ப் பாதை' வழியாக நடக்க வேண்டும். யெப்ரெட்டா ஏரி, அதற்கு மேலே அருவி என்று சுமார் 400 மீட்டர் உயரம் ஏறினால், பச்சைப் புல்வெளியில் ஆறு பல கிளைகளாகப் பிரிந்து ஓடும் சமவெளி வரும். நடக்க முடியாதவர்களுக்கு போயி ஊரில் இருந்து ஜீப் டாக்ஸி இருக்கிறது. டாக்ஸியில் ஏறி, நடந்து இறங்குவது பலருடைய வழக்கம், முட்டி வலி உள்ளவர்கள் மட்டும் இதைத் தலைகீழாகச் செய்யலாம். பூங்காவுக்குள் ஏரியில் குளிக்கவோ கூடாரம் போடவோ அனுமதி இல்லை.

எப்போது போகலாம்? என்ன கவனிக்கணும்?

ஜூன் முதல் அக்டோபர் வரை நடக்க ஏற்ற காலம். அக்டோபரில் இலைகள் நிறம் மாறி, கூட்டமும் குறைந்திருக்கும். குளிர்காலத்தில் பனி மூடிவிடும், பக்கத்திலேயே பனிச்சறுக்கு மையம் இருப்பதால் அது வேறு வகைச் சுற்றுலா.

கோடையில் பெரிய ஆபத்து மதியத்துக்கு மேல் திடீரென வரும் இடி மின்னல். அதனால் உயரமான பாதைகளுக்கு அதிகாலையிலேயே கிளம்பி, மதியத்துக்குள் இறங்கத் தொடங்குங்கள். வெயில் அடித்தாலும் ஒரு மழைக்கோட்டும் கம்பளியும் பையில் இருக்கட்டும். ஸ்பெயின் முழுவதும் குறுந்தூரப் பாதைகளுக்கு வெள்ளை-மஞ்சள், நெடுந்தூரப் பாதைகளுக்கு வெள்ளை-சிவப்புக் கோடுகளைப் பாறையிலும் மரத்திலும் பூசியிருப்பார்கள். அதே நிறங்களில் பெருக்கல் குறி தெரிந்தால் அந்த வழி தப்பு என்று அர்த்தம். அவசர உதவிக்கு 112.

இந்தியர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பார்சிலோனாவில் இருந்து லெய்டாவுக்கு அதிவேக ரயிலில் சுமார் ஒரு மணி நேரம், அங்கிருந்து மலைக்கு பஸ் அல்லது வாடகைக் கார். பஸ்கள் குறைவு, நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். 9 தேவாலயங்களும் எல்லா நாளும் திறந்திருக்காது என்பதால், எரில் லா வால் ஊரில் உள்ள தகவல் மையத்தில் அன்றைக்கு எது திறந்திருக்கு என்று கேட்டுவிட்டு நடக்கத் தொடங்குவது உத்தமம். டிக்கெட்டும் அங்கேயே வாங்கலாம்.