மலைச்சரிவின் மரியாதை

ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ விடியற்காலையில் மொட்டை மாடியில் நின்று மேற்கே பார்த்தால், மலைத்தொடர் நீல மதில்போல் தெரியும். அங்கே பனி உறைவதில்லை. காலில் பலகை கட்டிக்கொண்டு சறுக்குவாரும் இல்லை. ஆனாலும் சரிவு எங்கும் சரிவுதானே?

பனிச்சறுக்கு விளையாட்டுக்குச் சர்வதேசச் சம்மேளனம் ஒன்று உண்டு. அது 1967-இல் நடத்தை விதிகளை வகுத்தது. மேலிருந்து வருகிறவனே தனக்கு முன்னால் செல்பவனுக்குப் பொறுப்பு. குறுகிய இடத்தில் வழியை மறித்து நிற்கலாகாது. விபத்து நேர்ந்தால் எவராயினும் உதவ வேண்டும். இவை அவற்றுள் சில.

இதைப் படித்தபோது எனக்குச் சதுரகிரி நினைவு வந்தது. வத்திராயிருப்பை அடுத்த தாணிப்பாறையில் தொடங்கி, சுந்தர மகாலிங்கத்தைத் தரிசிக்க ஏறும் பாதை அது. வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை என்று வழியிலுள்ள இடங்களுக்கு முன்னோர் இட்ட பெயர்களே எச்சரிக்கைப் பலகைகள்.

முதன்முறை நான் இறங்கியபோது, அவசரத்தில் ஒரு கல்லை உருட்டிவிட்டேன். பின்னால் வந்த பெரியவர், "கல்லு வருது சாமி, ஒதுங்குங்க!" என்று கீழே போனவர்களுக்குக் குரல் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "கீழே ஆளிருக்குன்னு நெனச்சுக் காலை வைங்க, சாமி" என்றார்.

ஆனால் மலையில் நமக்கு மேலே இருப்பது மனிதன் மட்டும் அல்லவே! 2015 மே மாதம், வைகாசி அமாவாசையை ஒட்டி வந்த பக்தர்களில் பலர் காட்டாற்று வெள்ளத்தில் உயிரிழந்தனர். உச்சியில் பெய்த மழை ஓடைக்கு வந்து சேர அதிக நேரம் ஆவதில்லை. ஓடையில் குளிப்பவன் தலையில் அதுவரை ஒரு துளிகூட விழுந்திராது.

அந்தக் காடு 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்காகச் சரணாலயமாயிற்று; 2021-இல் புலிகள் காப்பகமும் ஆயிற்று. 2015-ஆம் ஆண்டு துயரத்துக்குப் பிறகு, அமாவாசை, பௌர்ணமி, பிரதோஷம் ஆகியவற்றை ஒட்டிய நாட்களுக்கு மட்டுமே அனுமதி என்றும், மழை வந்தால் அதுவும் இல்லை என்றும் கட்டுப்பாடு வந்தது. "சாமியைப் பார்க்கவும் தடையா?" என்று முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன்.

பெரியவரின் சொல்தான் என் வாயை அடைத்தது. கீழே ஆளிருக்கிறது என்று மழை நினைப்பதில்லை. அதற்காக வேறு யாராவது நினைத்துத்தான் ஆக வேண்டும்.