கூனும் முதுமையும்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ கூன் விழுந்த மூதாட்டியைக் கண்டால், "வயது போய்விட்டது" என்று கூறி அமைவது நம்மவர் வழக்கம். மாதவிடாய் நின்றபின் ஈஸ்திரோஜன் சுரப்புக் குன்றுவதே இவ்வெலும்புத் தேய்வுக்குக் காரணமென 1941இல் எடுத்துரைத்தார் பொஸ்ரன் நகர மருத்துவர் புல்லர் ஓல்பிறைற். ஆகவே அச்சுரப்பே மருந்துமாயிற்று.

ஆயின், 1996இல் வேறொரு வழி புலப்பட்டது. முள்ளந்தண்டெலும்பு முன்னரே முறிந்திருந்த 2,027 பெண்களிடம் நிகழ்ந்த ஆய்வில், அலெண்ட்ரோனேற் என்னும் மருந்து இடுப்பெலும்பு முறிவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. 2002இல் வெளியான அமெரிக்கப் பேராய்வோ, ஈஸ்திரோஜனும் புரோஜெஸ்ரினும் கூடிய மருந்து முறிவைக் குறைப்பினும், மார்பகப் புற்றுநோயையும் பக்கவாதத்தையும் மிகுவிக்கின்றதெனக் காட்டியது.

மூதாட்டியின் கூன் பெரும்பாலும் விதியன்று, பிணியே. பிணியெனின், காலத்தே மருத்துவரை நாடுதல் வீட்டாரின் கடனாகும்.