பெட்ரோல் வண்டியின் டீசல் வாழ்க்கை

எம்.ரெட்டியபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டை என்று நீளும் கரிசல் காட்டு ஊர்களில், ஏதாவது ஒரு வீட்டுத் தகரக் கொட்டகையில் இன்னமும் ஓர் அம்பாசிடர் நிற்கும். டயர்களில் காற்று இருக்காது. கூரைமேல் பருத்திமாரை அடுக்கியிருப்பார்கள். பானெட்டைத் தூக்கிப் பார்த்தால் வண்டியின் வயதும் இன்ஜினின் வயதும் பல நேரம் ஒத்துப்போகாது. வெளியே அறுபதுகளின் முகம், உள்ளே பின்னாளில் வந்த ஒரு வேனின் டீசல் இன்ஜின்.

பழைய கார் பிரியர்களுக்கு இதைக் கண்டால் மனசு கேட்காது. கம்பெனியில் பூட்டிய இன்ஜினைக் கழற்றியவர் பெரும் பாவம் செய்துவிட்டார் என்பது அவர்கள் கட்சி. டிராக்டர் பட்டறையிலும் லேத் பட்டறையிலும் வளர்ந்த மெக்கானிக்குக் கட்சியே வேறு. ஓடாத வண்டி வெறும் இரும்பு; எதைப் போட்டு ஓட்டினால் கட்டுப்படியாகுமோ அதைப் போட வேண்டியதுதான். இந்த வழக்கு அமெரிக்காவிலும் நடக்கிறது. ஆனால் கரிசல் பக்கத்தில் அதற்கு ஒரு தனி வரலாறு உண்டு. அந்த வரலாறு எரிபொருள் விலையில் தொடங்குகிறது.

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் ரேஷனுக்குப் போனது. பஸ் முதலாளிகள் வண்டியின் பின்புறம் ஆளுயர உருளை அடுப்பைப் பொருத்தி, அடுப்புக்கரியை எரித்து, அதில் வரும் வாயுவைக் கொண்டு பஸ்ஸை ஓட்டினார்கள். மக்கள் அதற்குக் கரி பஸ் என்று பெயர் வைத்தார்கள். வண்டி கிளம்ப வெகு நேரம் முன்பே கிளீனர் எழுந்து அடுப்பை மூட்டி, காற்றாடியின் கைப்பிடியைத் தோள் வலிக்கச் சுற்ற வேண்டும். குழாய் முனையில் தீக்குச்சியைக் கிழித்துக் காட்டுவார்; சுடர் அணையாமல் நின்று எரிந்தால்தான் வாயு தேறியது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் அதை இன்ஜினுக்குத் திருப்பிவிடுவார். மேட்டில் வண்டி திணறும், பயணிகள் இறங்கித் தள்ளுவார்கள். பெட்ரோலுக்கென்று வார்த்த இன்ஜின்தான், தீனிதான் மாறியது. இன்று சீமைக்கருவேலக் கரிமூட்டத்துக்குப் பேர்போன இந்த வட்டாரத்துப் பிள்ளைகள், கரியில் பஸ் ஓடியதென்றால் நம்ப மாட்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் இதே காட்சி ஐம்பது ஆண்டு கழித்துத் திரும்பியது. உள்நாட்டுப் போரின்போது இலங்கை அரசு விதித்த 1990-களின் பொருளாதாரத் தடையில் பெட்ரோல் கிடைக்காமல் போக, ஆஸ்டின் ஏ-40, மோரிஸ் மைனர் போன்ற பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கார்புரேட்டரில் நாலைந்து துளி பெட்ரோலைப் பீய்ச்சி இன்ஜினை எழுப்பிவிட்டு, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தக் காலத்து இன்ஜின்களில் அழுத்த விகிதம் குறைவு என்பதால் மண்ணெண்ணெயைத் தாக்குப்பிடித்தன. புதிய கார் என்றால் தட்டிக்கொண்டே நின்றுபோயிருக்கும். மாற்று இன்ஜின் உள்ளே வர வழியில்லாததால் பழைய இன்ஜின்கள் பழுது பார்க்கப்பட்டே பிழைத்தன. எந்த ரசிகர் மன்றமும் கேட்காமலே, தடை அந்தக் கார்களை அசலாக வைத்திருந்தது.

தமிழ்நாட்டில் நடந்தது நேர்மாறு. இங்கே இன்ஜின் கிடைத்தது, பெட்ரோலும் கிடைத்தது. அதன் விலைதான் எட்டவில்லை. 1957-இல் கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் தயாராகத் தொடங்கிய அம்பாசிடர், பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் மறுபிறவி. சீக்கிரமே அதில் வந்த 1,489 சிசி பெட்ரோல் இன்ஜின் பல பத்தாண்டுகள் மாறவே இல்லை. 1973-இல் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை எகிறியதும் பெட்ரோல் கார் வைத்திருந்தவர்கள் விழித்தார்கள். லாரிக்கும் டிராக்டருக்கும் வேண்டும் என்று டீசல் விலையை அரசு தாழ்த்தியே வைத்திருந்தது. சென்னை செம்பியத்தில் சிம்ப்சன் கம்பெனி பெர்கின்ஸ் டீசல் இன்ஜின்களைத் தயாரித்துக்கொண்டிருந்தது. பஜாஜ் டெம்போவின் மெட்டாடர் வேனும் ஊரெங்கும் டீசலில் ஓடியது. விபத்தில் நொறுங்கிய வேனின் இன்ஜின் காயலான் கடைக்கு வந்ததும் அங்கே முதலில் போய் நின்றவர் டாக்சி ஓட்டுநர்.

மாற்றுவது சுலபமான வேலையில்லை. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருமிடத்தில் துளைகள் பொருந்தாது. லேத்தில் ஒரு தடித்த இரும்புத் தகட்டைக் கடைந்து நடுவே வைப்பார்கள். மவுண்டிங் பழைய இடத்தில் உட்காராது. சேஸிஸில் புதிய தாங்கிகளைப் பற்றவைக்க வேண்டும். கியர்பாக்ஸும் மாறினால் பிராப்பல்லர் ஷாஃப்டை வெட்டி நீளம் சரிசெய்ய வேண்டும். வெட்டி ஒட்டியதில் நேர் சற்றுத் தவறினாலும் வண்டி அதிரும். ஸ்டியரிங்குக்கு அடியில் இருந்த கியர் கம்பி தரைக்கு இறங்கிவிடும், முன்சீட்டில் நடுவே உட்கார்ந்து வந்தவருக்கு இடம் போய்விடும். டீசல் இன்ஜின் கனம். வண்டியின் மூக்கு தாழும். முன்சக்கரத்தின் முறுக்குக் கம்பியை இறுக்கி அதைத் தூக்கி நிறுத்துவார்கள். இத்தனைக்கும் பிறகு பழைய கிரவுன் பினியனோடு வேகம் ஏறாது. நெடுஞ்சாலையில் ஐம்பது அறுபதில் உறுமிக்கொண்டு போகும். போகட்டும், கணக்கு மீறவில்லையே! கல்யாண வீட்டாரை ஏற்றிக்கொண்டு மதுரை போய்த் திரும்பினால் கையில் மிஞ்சுவதுதான் அந்த ஓட்டுநர் பார்த்த கணக்கு. வரைபடம் எதுவும் பார்க்காமல், சணல் கயிற்றையும் சாக்பீஸையும் வைத்து அளந்த அந்த மெக்கானிக்குகளின் திறமைக்கு எந்தப் புத்தகத்திலும் இடமில்லை என்பது பெரிய குறை.

இதில் கவனிக்க வேண்டியது, கம்பெனியே பிறகு இதே வேலையைச் செய்தது. 1980-ஐ ஒட்டி அம்பாசிடரில் டீசல் வந்தது. 1992-இல் ஜப்பானின் இசுசூ நிறுவனத்தின் 1,817 சிசி பெட்ரோல் இன்ஜினும் ஐந்து கியரும் வந்தன. அதன்பின் இசுசூ டீசலும் சேர்ந்தது. ஐம்பதுகளின் உடம்பில் புதிய இன்ஜின். பட்டறையில் செய்தால் கலப்படம், தொழிற்சாலையில் செய்தால் புதிய மாடல் என்று பிரிப்பது நியாயமாகத் தோன்றவில்லை.

சென்னையில் தலைகீழாக ஒன்றும் நடந்தது. ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற காரை இறக்கியது. உடம்பு பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1, அழகான வண்டி. உள்ளே பூட்டியதோ பழைய வான்கார்டு கார் காலத்து 1,991 சிசி இன்ஜின். விலை அதிகம், இழுவை போதவில்லை, எரிபொருளை விழுங்கியது. 1988-இல் கதை முடிந்தது. புதிய உடம்பில் பழைய இன்ஜினை வைத்தவர்களை வாங்குவோர் மன்னிக்கவில்லை.

பழைய உடம்பில் புதிய இன்ஜின் என்றால் கதை வேறு. மேற்கு வங்கத்து மலையில் மானேபஞ்சன் என்ற ஊரிலிருந்து சந்தக்ஃபு சிகரத்துக்கு 1950-களின் லேண்ட்ரோவர்கள் ஆட்களை ஏற்றிப் போகின்றன. பலவற்றில் மஹிந்திரா டீசல் இன்ஜின்கள் பூட்டப்பட்டிருக்கின்றன. அவை இல்லையென்றால் அந்த வண்டிகள் எப்போதோ எடைக்குப் போயிருக்கும். மலையில் ஓடும் லேண்ட்ரோவரைப் பார்க்க வருகிறவர் இன்ஜின் எண்ணைக் கேட்பதில்லை.

அமெரிக்காவில் இந்தச் சண்டை ஒரு விளையாட்டாகவே வளர்ந்தது. 1930-களில் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களின் மட்காடுகளைக் கழற்றி, இன்ஜினை முறுக்கேற்றி ஓட்டினார்கள். அதுதான் ஹாட் ராட். 1955-இல் செவர்லேயின் சிறிய வி-8 வந்ததும் ஃபோர்டு உடம்பில் செவர்லே இன்ஜின் என்பது வழக்கமானது. இப்போது கணினி கட்டுப்படுத்தும் இன்ஜினே பெட்டியில் வந்து இறங்குகிறது. பழசைக் காக்கிறவர்களின் பெரிய மேடையான பெப்பிள் பீச் கண்காட்சி 1997-இல்தான் ஹாட் ராட்களுக்குத் தனிப் பிரிவு திறந்தது. அந்த ஆண்டு வென்ற 1932-ஆம் வருடத்து ஃபோர்டைத் தொழிற்சாலையிலிருந்து வந்த கோலத்துக்குத் திருப்பவில்லை. டோன் ஸ்பென்சர் என்பவர் மாற்றி ஓட்டிய கோலத்துக்கே அது மீட்கப்பட்டிருந்தது. மாற்றமும் வரலாறுதான் என்று அந்த மேடை ஒப்புக்கொண்டது.

நம் சட்டம் இன்னும் அங்கே வரவில்லை. 2021 ஜூலையில் மத்திய அரசு அறிவித்த விண்டேஜ் விதிப்படி, வண்டிக்கு 50 வயது தாண்டியிருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் முதல் வடிவில் இருக்க வேண்டும். தேறினால் 'வி.ஏ.' எழுத்துகளோடு தனிப் பதிவெண். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். வாடகைக்கு ஓட்டக் கூடாது. இன்னொரு பக்கம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளர் சொன்ன விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை உறுதிப்படுத்தியது. ஆர்.சி. புத்தகத்தில் பெட்ரோல், பானெட்டுக்குள் டீசல் என்று நிற்கும் வண்டிக்கு இன்று காப்பீடும் சிக்கல், எஃப்.சி.யும் சிக்கல்.

பாதுகாப்புக்காக அந்தத் தடை தேவைதான், மறுக்க முடியாது. அசலாக மிஞ்சிய சில வண்டிகளை அசலாகவே காப்பதும் கட்டாயம். கோவை அவிநாசி சாலையில் 2015-இல் திறந்த ஜி.டி. கார் அருங்காட்சியகத்தில் நின்று பார்க்கும் பிள்ளைக்கு, பிறந்த கோலத்து வண்டி எப்படி இருந்தது என்று தெரிந்தாக வேண்டும். ஆனால் நாற்பது ஆண்டு டீசலில் ஓடிக் குடும்பத்தைக் காத்த அம்பாசிடரைப் பெட்ரோலுக்குத் திருப்பி, பாலிஷ் போட்டு நிறுத்துவது இந்த மண்ணில் அது வாழ்ந்த வாழ்க்கையை அழித்து எழுதுவதாகும். பழைய கார் அணிவகுப்பு நடத்தும் மன்றங்கள் பட்டறையில் மாறிய வண்டிகளுக்கென்று ஒரு வரிசை ஒதுக்கலாம். 2014 மே மாதம் அம்பாசிடர் தயாரிப்பு நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடும் போனது. பட்டறையில் இன்ஜினை மாற்றக் காரணமாக இருந்த கணக்கும் அதோடு முடிந்துவிட்டது. இனி ஒருவரும் அதைச் செய்யப்போவதில்லை.

கொட்டகையில் அப்படி ஒரு வண்டி இருந்தால், எந்தப் பட்டறையில், எந்த ஆண்டில், எந்த வண்டியின் இன்ஜினைக் கழற்றிப் போட்டார்கள் என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி ஆர்.சி. புத்தகத்தோடு வையுங்கள். மூலையில் பழைய பெட்ரோல் இன்ஜின் கிடந்தால் ஸ்பார்க் பிளக் துளைகளில் கொஞ்சம் ஆயிலை ஊற்றிச் சாக்கால் மூடி வையுங்கள். கிலோக் கணக்கில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.