வாட் அளந்த குதிரை

நீராவி யந்திரத்தைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் வாட் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அது பாதி உண்மைதான். நியூகோமன் என்பவர் 1712-லேயே அதைச் செய்துவிட்டார். அது தின்ற நிலக்கரியைக் குறைத்துக் காட்டியவர் வாட்.

1780-களில் வாட்டின் யந்திரம் சுரங்கத்தை விட்டு ஊருக்குள் வந்தது. வாங்க வந்தவர்கள் மாவு மில்காரர்களும் பீர் காய்ச்சுகிறவர்களும். அதுவரை அவர்களுக்கு உழைத்தவை குதிரைகள். ஆகவே அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “இது எத்தனை குதிரைக்குச் சமம்?”

வாட் குதிரையையே அளந்துவிட்டார். 24 அடி குறுக்களவுள்ள வட்டத்தில், மணிக்கு 144 சுற்று, 180 ராத்தல் இழுப்பு. பெருக்கி முழு எண்ணாக்கினார். நிமிஷத்துக்கு 33,000 ராத்தலை ஓர் அடி உயரம் தூக்கும் வேலை, ஒரு குதிரைச் சக்தி! சாதாரணக் குதிரை நாள் முழுவதும் இப்படி உழைக்காது. அளவு தாராளமாக இருந்ததால், வாங்கியவன் ஏமாறவில்லை.

வாட் 1819-ல் காலமானார். 1882-ல் வில்லியம் சீமென்ஸ் யோசனை சொல்ல, மின்சாரச் சக்தியின் அளவுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அவருடைய குதிரை ஒன்று 746 வாட் என்று ஆயிற்று.

அப்படியானால் 10 குதிரைச் சக்தி மோட்டாருக்கு 7,460 வாட் போதுமே என்று தோன்றும். போதாது. அது மோட்டாரின் அச்சில் கிடைக்கும் வேலை. உஷ்ணமாகவும் உராய்வாகவும் கொஞ்சம் வீணாகிறது. நூற்றுக்கு 85 பங்குதான் வேலையாகிறது என்றால், உள்ளே ஏறத்தாழ 8,780 வாட் போக வேண்டும்.

இன்னொரு செலவும் உண்டு. மோட்டாரின் கம்பிச் சுருள்களுக்குக் காந்த சக்தி வேண்டும். அதற்காக மோட்டார் மின்சாரத்திடம் கைமாற்று வாங்குகிறது. உடனே திருப்பியும் கொடுத்துவிடுகிறது. நம் வீட்டு மின்சாரத்தில் இந்தக் கொடுக்கல் வாங்கல் வினாடிக்கு 100 தடவை! வாங்கியதைத் திருப்பிவிட்டதால், வாட் கணக்கில் இது ஏறுவதில்லை. ஆனால் போகும்போதும் வரும்போதும் சுமப்பது கம்பிதானே? இந்தச் சுமையையும் சேர்த்துச் சொல்வதற்காகவே வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி ‘வோல்ட் ஆம்பியர்’ என்றார்கள். வேலை செய்யும் பங்கு அதில் எவ்வளவு என்பதைப் ‘பவர் ஃபாக்டர்’ என்பார்கள். அது 0.8 என்றால், நம் மோட்டாருக்குச் சுமார் 11 கிலோ வோல்ட் ஆம்பியர் தேவை.

பத்துக் குதிரைக்கு ஏழரை போதும் என்று ஜெனரேட்டர் வாங்கினவன் பாடு திண்டாட்டம்தான். மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்சாரமோ இதைப்போல் பல மடங்கு.

இந்தக் கணக்குக்குப் புத்தகங்கள் வைத்திருக்கும் பெயர் ‘தோற்றச் சக்தி’. அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. கம்பி சூடாவது வெறும் தோற்றமா? குதிரை தின்ற கொள்ளு எஜமானன் கண்ணுக்குத் தெரிந்தது. மோட்டாரின் கைமாற்று தெரிவதில்லை. தெரியாததையும் எழுதி வைப்பதுதானே நாணயமான கணக்கு?