பெருங்குரலும் சிறுபெட்டியும்

ஸ்பீக்கர் என்றதும் எத்தனை வாட் என்று கேட்பது நம் வழக்கம். ஒலிபெருக்கியின் நூறாண்டு வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால், அந்தக் கேள்விக்கு நாம் தரும் மதிப்பு மிகையானது என்றே தோன்றுகிறது. ஒரே ஆள் தூக்கிச் செல்லக்கூடிய பெட்டியிலிருந்து நிறைவான ஒலியைப் பெற முயன்றவர்களின் கதை, பெரும்பாலும், எதை விட்டுக்கொடுக்கலாம் என்று தலைமுறைதோறும் முடிவுசெய்தவர்களின் கதையாகவே இருக்கிறது.

டென்மார்க்கிலிருந்து அமெரிக்கா சென்ற பீட்டர் ஜென்சனும் அவருடைய கூட்டாளி எட்வின் பிரிடமும் கலிபோர்னியாவின் நாபா என்னும் ஊரில், காந்தப்புலத்தில் அசையும் கம்பிச்சுருள் ஒன்றை உருவாக்கினர். தொலைபேசிக்கு அது உதவும் என்று நம்பினர். விரும்பி வாங்குவார் இல்லை. பிறகு அதன் வாயில் கிராமபோன் குழலைப் பொருத்திப் பார்த்தபோதுதான் தங்கள் கையில் இருப்பது என்ன என்பது அவர்களுக்கே விளங்கியது. 1915ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், சான் பிரான்சிஸ்கோ நகரமன்றத்தின் முன் திரண்ட பெருங்கூட்டம் அதைக் கேட்டது. கருவிக்கு அவர்கள் இட்ட பெயர் மேக்னவாக்ஸ். லத்தீனில் பெருங்குரல் என்று பொருள். 1919 செப்டம்பரில் சான் டியாகோ விளையாட்டரங்கில், நெடும் ரயில் பயணத்தால் களைத்திருந்த அதிபர் உட்ரோ வில்சன் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று பேச, சுமார் 50,000 பேர் கூடிய திடலுக்கு அப்பேச்சை எடுத்துச் சென்றது இக்கருவியே.

குழல் எதற்கு? மின்திறன் அரிதாக இருந்த காலம் அது. சாதாரணக் காகிதக்கூம்பு ஸ்பீக்கர் தான் பெறும் மின்சாரத்தில் நூற்றில் ஓரிரு பங்கையே ஒலியாக மாற்றும். மெல்ல விரியும் குழல் இதைப் பல மடங்காக்கும். ஆனால் குழலின் வாய், அலையின் நீளத்தோடு ஒப்பிடும் அளவுக்கு அகலமாக இல்லாவிட்டால் மந்தர ஒலிகள் வெளியே வாரா. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர்! நம் கோயில் திருவிழாக்களில் தென்னை மரத்தில் கட்டப்பட்ட குழாய் ஸ்பீக்கரில் மிருதங்கத்தின் வலந்தலைச் சொற்கள் மட்டும் தெறித்து, தொப்பியின் கும்கி காணாமல் போனதற்குக் காரணம் இதுவே. அதைக் குறையென்று சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு மின்கலத்தைக் கொண்டு பக்கத்து ஊருக்கும் சேதி சொல்லவேண்டுமானால் வேறு வழி ஏது?

1925இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் இருவரும் குழலில்லாத கூம்பு ஸ்பீக்கருக்கு நிலையான வடிவம் தந்தனர். கூம்பின் முன்புறமும் பின்புறமும் எழும் ஒலிகள் ஒன்றையொன்று அழிக்காதிருக்கப் பெட்டி தேவைப்பட்டது. மந்தரம் வேண்டுமென்றால் பெட்டி பெரிதாகவேண்டும் என்ற நிலை 1954 வரை நீடித்தது. அவ்வாண்டு எட்கர் வில்சர் என்ற அமெரிக்கர், இறுக மூடிய சிறு பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே சுருள்வில்லாகப் பயன்படுத்தி, ஆழ்ந்த மந்தரத்தை எழுப்பிக் காட்டினார். விலை? அதை இயக்க முன்னைவிட வலுவான ஆம்ப்ளிஃபையர் தேவையாயிற்று.

இந்தக் கொடுக்கல் வாங்கலை விதியாக்கியவர் ஆன்டன் ஹாஃப்மன். (புகழ்பெற்ற பியானோக் கலைஞர் ஜோசஃப் ஹாஃப்மனின் மகன், தந்தையும் பல காப்புரிமைகள் பெற்ற கண்டுபிடிப்பாளர் என்பது சுவையான செய்தி.) சிறிய பெட்டி, ஆழ்ந்த மந்தரம், குறைந்த மின்சாரத்தில் உரத்த ஒலி - இம்மூன்றில் எவையேனும் இரண்டையே பெறமுடியும் என்கிறது ஹாஃப்மனின் இரும்பு விதி. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இலும், அவரைத் தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்திலும் இதைத் துல்லியமான கணக்காக்கினர். மரத்தை அறுக்கும் முன்பே பெட்டியின் குரலைக் காகிதத்தில் காணமுடிந்தது. விதி மட்டும் தளரவில்லை.

இனி, வலிமையை மட்டும் நம்பியவர்களின் கதி. 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க் ஷே அரங்கில் பீட்டில்ஸ் குழுவினர் 55,600 பேர் முன் பாடினர். கிதார்களுக்கென்றே 100 வாட் ஆம்ப்ளிஃபையர்கள் தருவிக்கப்பட்டிருந்தன. குரல்களோ அரங்கின் அறிவிப்பு ஸ்பீக்கர்கள் வழியே சென்றன. ரசிகர்களின் கூச்சலில் பாடியவர்களுக்கே தங்கள் பாட்டுக் கேட்கவில்லை.

என் பார்வையில் உண்மையான திருப்பம் அதற்கு முன்பே, 1950களின் தொடக்கத்தில், லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் நிகழ்ந்துவிட்டது. பிரம்மாண்டமான குவிமாடத்தின் கீழ் ஒவ்வொரு சொல்லும் எதிரொலித்து அடுத்த சொல்லை விழுங்கிய இடம் அது. அங்கே ஒலியைக் கூட்டுவது எதிரொலியையும் கூட்டுவதே. பார்க்கினும் டெய்லரும் ஸ்பீக்கர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நெடிய தூண்களாக நிறுத்தினர். இத்தகைய தூண், ஒலியைப் பக்கவாட்டில் விரித்து, மேலும் கீழும் சுருக்கும். கூரைக்குப் போய் வீணாகும் ஒலி செவிகளுக்கு வந்துசேரும். தொலைவிலுள்ள தூண்களுக்கு ஒலியைச் சிறிது தாமதித்து அனுப்பியதால், குரல் பிரசங்கியாரிடமிருந்தே வருவதுபோல் மக்களுக்குத் தோன்றியது. முதலில் செவியை எட்டும் ஒலியின் திசையையே மனம் நம்பும் என்பதை 1949இல் ஜெர்மனியின் ஹெல்முட் ஹாஸ் ஆராய்ந்து எழுதியிருந்தார். கடைசி வரிசைக்காரருக்குச் சொல் புரிந்தால்தான் அது நிறைவான ஒலி. வாட் கணக்கில் இது அகப்படாது.

தூண் பிறகு கையடக்கமாயிற்று. 1960களின் பிற்பகுதியில் வந்த ஷூர் நிறுவனத்தின் வோக்கல் மாஸ்டர், இரண்டு தூண்களும் ஒரு ஆம்ப்ளிஃபையரும் மட்டுமே. சிறு குழுக்கள் ஊர் ஊராகச் சுமந்து சென்றன. 2003இல் போஸ் நிறுவனம் 24 குட்டி ஸ்பீக்கர்களை ஒரே மெல்லிய கம்பமாக்கி, அதைப் பாடகரின் பின்னால் நிறுத்தச் சொன்னது. (நிறுவனர் அமர் போஸின் தந்தை, விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு அமெரிக்கா சென்ற வங்காளி.) மைக்குக்குப் பின்னால் ஸ்பீக்கரா, ஊளையிடாதா என்று பலர் திகைத்தனர். புள்ளியிலிருந்து புறப்படும் ஒலி, தூரம் இருமடங்காகும்போதெல்லாம் 6 டெசிபல் இழக்கும். நெடிய வரிசையின் அருகே இழப்பு 3 டெசிபல்தான். ஆகவே பின்வரிசைக்குக் கேட்பதற்காக முன்வரிசையையும் மைக்கையும் அறையவேண்டியதில்லை. பாடகரும் சபையும் ஒரே ஒலியைக் கேட்டனர். மந்தரத்துக்குத் தரையில் ஒரு தனிப்பெட்டி தேவைப்பட்டது. இரும்பு விதியாயிற்றே!

நியோடிமியம் காந்தமும் டி வகுப்பு ஆம்ப்ளிஃபையரும் எடையை வெகுவாகக் குறைத்துவிட்டன. இன்றைய மின்கலப் பெட்டிகள் பலவற்றில், ஒலியைக் கூட்டக் கூட்ட, உள்ளிருக்கும் கணிப்பொறிச் சில்லு மந்தரத்தை நமக்குத் தெரியாமலே குறைத்துவிடுகிறது. கூம்பு கிழியாதிருக்க அந்த ஏற்பாடு. இதை அறிந்த ஒலியமைப்பாளர்கள் குரலிலிருந்து தேவையற்ற மந்தரத்தை முன்கூட்டியே வடிகட்டிவிடுகின்றனர். குரல் பெட்டியைத் தாங்கியில் ஏற்றி, அமர்ந்திருப்போரின் தலைக்குச் சற்று மேலாக நிறுத்துகின்றனர். மந்தரப் பெட்டியைத் தரையில், சுவரோரமாக வைக்கின்றனர். தரையும் சுவரும், காசு கேட்காத குழலாகி, மந்தரத்தைப் பெருக்கித் தருகின்றன.